நடு அடுக்கில் என்ன வைப்பது? திருகோணமலையில் ஒரு பழைய சிங்கர் மெசினும் ஒரு துண்டுத்துணிப் போர்வையும்

பழைய கால் மெசினில் கில்ட், அதாவது உள்ளே நிரப்பு வைத்த துண்டுத்துணிப் போர்வை, தைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே எதை வைத்துத் தைக்கப் போகிறோம் என்று யோசிக்காமல் தொடங்கினால் துணியும் பாழ், மெசினில் இல்லாத குறையைத் தேடிக் காலமும் பாழ். திருகோணமலை மனையாவெளியில் ஓர் அக்கா தன் தாயின் சிங்கர் மெசினில் தைத்து முடித்த போர்வையை வைத்து இந்த விஷயத்தை இங்கே பார்க்கிறேன். நான் தையல் வகுப்பு நடத்துபவள். வேலை தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை பக்கத்தில் இருந்து பார்த்தேன். அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

கேட்டது என்ன

அக்கா அறுபதைக் கடந்தவர். சட்டை, பாவாடை, பள்ளிச் சீருடை என்று ஊருக்கே தைத்துக் கொடுத்த கை. மகள் ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கே பிள்ளை பிறந்த வீட்டுக்கு கில்ட் தைத்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, தன் பிள்ளைக்கும் அம்மம்மா கையால் ஒன்று வேண்டும் என்று கேட்டார். குழந்தை வளர்ந்து கட்டிலில் படுக்கும் காலத்திலும் பாவிக்கக்கூடிய அளவு, அதாவது ஏறத்தாழ 60க்கு 72 அங்குலம். கூடவே ஒரு பார்சலும் வந்தது. அதில் துணி வெட்டும் வட்டக் கத்தி, சில மாதிரிப் படங்கள், அப்புறம் அரை அங்குலத் தடிப்பில் ஒரு பெரிய ரோல் பொலியெஸ்டர் பஞ்சு.

"அம்மா, இங்க எல்லாரும் இதைத்தான் உள்ளுக்கு வைச்சுத் தைக்கினம். நல்ல மெத்தெண்டு இருக்கும்" என்று மகள் தொலைபேசியில் சொன்னார்.

கில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்துச் செய்த துணி, நடுவில் நிரப்பு, கீழே அடித்துணி. மூன்றும் நகராமல் இருக்க ஊடாகத் தையல் ஓட்ட வேண்டும். துண்டு இணைப்பது அக்காவுக்குப் புதிதல்ல. தையற்காரர் வீட்டில் வெட்டுத்துண்டு குவியாமல் இருக்குமா? நடு அடுக்குத்தான் அவருக்குப் புதிது.

மெசினின் நிலை

மெசின் சிங்கர் 15கே. கே என்ற எழுத்து ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். 1885இல் திறந்து 1980இல் மூடிய தொழிற்சாலை அது. சிங்கர் கம்பனி 1877இலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. அதனால்தான் இலங்கையில் பாட்டி, தாய், மகள் என்று கைமாறிய சிங்கர் மெசின்கள் இத்தனை வீடுகளில் இருக்கின்றன.

15 என்ற வகை எண் வெறும் விவரம் இல்லை, பழைய மெசினை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியக் கம்பனிகள் இந்த வகையைத்தான் பார்த்துச் செய்தன. இந்தியாவின் உஷாவும் ஷங்காயின் பட்டர்ஃப்ளையும் அதே வழியில் வந்தவை. ஆகவே கீழ் நூல் சுற்றும் வட்டப் பொபின், பொபின் கேஸ், ஊசி எல்லாம் இன்றைக்கும் கடையில் கிடைக்கும். 27, 28 வகைப் பழைய மெசின்களில் வட்டப் பொபினுக்குப் பதிலாகக் கீழ் நூலைக் கொண்டுபோகும் நீண்ட ஷட்டில் இருக்கும். அழகான மெசின்கள்தான், தையலும் நேர்த்தி. ஆனால் ஷட்டில் தேய்ந்தால் மாற்றுக்கு அலைய வேண்டும். பழைய மெசின் வாங்கப் போகிறவர்கள் பூவேலையைப் பார்த்து மயங்காமல், முதலில் தட்டை நகர்த்தி அடியில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

அக்காவின் மெசின் சில வருடங்களாக மூடியே கிடந்தது. சில்லைக் கையால் சுற்றவே பலம் வேண்டியிருந்தது. கிண்ணியாவிலிருந்து மெசின் திருத்தும் நானா ஒருவரை அழைத்தோம். அவர் முகப்புத் தகட்டைக் கழற்றி உள்ளே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மெசினுக்கு ஒரு வருத்தமும் இல்ல தங்கச்சி. தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறீங்க. அது காய்ஞ்சு பசையாப் போச்சு."

திருகோணமலையில் இது அடிக்கடி பார்க்கும் விஷயம். மெசின் எண்ணெய் முடிந்துவிட்டால் அடுப்படியில் இருப்பதை விடுவது. தேங்காயெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுக் கெட்டியாகி, பழுப்பு நிறப் பசையாக ஒட்டிக்கொள்ளும். கடற்காற்றின் உப்பும் பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் இன்னும் இறுகும். நானா ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு, சில்லை முன்னும் பின்னும் அசைத்து, ஊறவிட்டு, மறுநாள் வந்து கறுப்பாக வழிந்ததைத் துடைத்தார். அதன் பிறகுதான் தண்ணீர் போன்ற மெல்லிய மெசின் எண்ணெய். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் கம்பளம் போலத் தூசி படிந்திருந்தது. மேல் நூலை இறுக்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே எப்போதோ அறுந்த நூல் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்ததும் நூலின் இழுவை சீரானது.

வெளிப்புறத்தைத் துடைக்க அக்கா ஸ்பிரிட் எடுத்து வந்தார். நானா தடுத்துவிட்டார். அந்தக் கறுப்புப் பூச்சின் மேலும் பொன்னிறப் பூவேலையின் மேலும் அரக்குப் படலம் ஒன்று இருக்கும். ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து, பூவேலையும் கூடவே போய்விடும். மெசின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் துடைப்பதே போதும். இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒருமுறை போன பூவேலை திரும்ப வராது.

தோல் பெல்ட் தொய்ந்திருந்தது. கம்பிக் கொக்கியைக் கழற்றி, கொஞ்சம் வெட்டிக் குறைத்து, மறுபடி கோத்தார். மாரியில் ஈரம் குடித்துத் தளரும், கோடையில் இறுகும். வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டிய வேலை.

பஞ்சு வைத்துத் தைத்தபோது

சுத்தம் செய்த மெசின் இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் தைத்த தையல் அச்சடித்தது போல இருந்தது. இந்த மெசின்களின் ஊசித் தகட்டில் ஒரே ஒரு சிறிய வட்டத் துளைதான் உண்டு. இடமும் வலமும் வளைந்து தைக்கும் புதிய மெசின்களில் அகலத் துளை இருப்பதால் மெல்லிய துணி சில நேரம் உள்ளே இழுபடும். இதில் அந்தப் பிரச்சினை இல்லை. கால் மெசினின் வேகமும் நம் காலில்தான் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாத காலத்திலும் கால் மெசின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு மகள் அனுப்பிய பஞ்சை நடுவில் வைத்து ஒரு மாதிரி தைத்தார் அக்கா. எல்லாமே குழம்பியது. மேல் துணி முன்னால் தள்ளுப்பட்டு, பாதத்துக்கு எதிரே அலை போலக் குவிந்தது. அடித்துணியில் சுருக்கம் விழுந்தது. இடையிடையே தையல் விட்டுப்போனது. மெசினின் நேரக் கணக்கு பிசகிவிட்டது என்று நினைத்து மறுபடியும் நானாவைக் கூப்பிட்டோம். அவர் ஊசியும் கொக்கியும் சந்திக்கும் இடத்தைப் பார்த்தார். ஊசி கீழ்நிலையிலிருந்து எழும்பத் தொடங்கும்போது கொக்கியின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே கடந்து, நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். சரியாகத்தான் பிடித்தது. குறை மெசினில் இல்லை.

நடப்பது இதுதான். மெசினின் பல் கீழ்த் துணியை மட்டும்தான் பிடித்து இழுக்கும். மேல் துணி, பாதத்தின் அழுத்தத்தால் கீழ்த் துணியோடு ஒட்டி நகர வேண்டும். நடுவில் அரை அங்குலப் பஞ்சு இருந்தால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. கீழ்த் துணி போகிறது, மேல் துணி பாதத்தில் உரசிப் பின்தங்குகிறது. தடிப்பில் ஊசியும் கொஞ்சம் வளையும். வளைந்த ஊசியின் நூல் வளையத்தைக் கொக்கி தவறவிடும். அதுதான் விடுபட்ட தையல்.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு, அவற்றையும் செய்து பார்த்தார். மெசினின் தலையில் உள்ள திருகைத் தளர்த்திப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்தார். 14ஆம் இலக்க ஊசிக்குப் பதில் 16 போட்டார். மேல் துணியையும் பிடித்து நகர்த்தும் 'நடக்கும் பாதம்' ஒன்றை மகள் வாங்கி அனுப்பினார். அதன் கவட்டை போன்ற கை ஊசித் திருகின் மேல் உட்கார வேண்டும். 15 வகைக்குப் பொருந்தியது. சுருக்கம் குறைந்தது உண்மை.

ஆனால் அடுத்த சுவர் வந்தது. ஊசிக்கும் மெசினின் தூணுக்கும் இடையில் இருப்பது எட்டு அங்குலம் சொச்சம். 60 அங்குல அகலமான போர்வையின் நடுவைத் தைக்க வேண்டும் என்றால் பாதிப் போர்வை சுருண்டு அந்த இடைவெளிக்குள் போக வேண்டும். பஞ்சு வைத்த பாதி, தலையணை போல உருண்டு நின்றது. ஒரு கையால் தள்ளி, ஒரு கையால் இழுத்து, காலால் மிதித்து அக்காவுக்குத் தோள்மூட்டு வலி வந்துவிட்டது.

பழைய சேலை

இந்த இடத்தில்தான் என் கருத்தை அக்காவிடம் திடமாகச் சொன்னேன். அந்தப் பஞ்சு நம் ஊருக்கும் பொருந்தாது, நம் மெசினுக்கும் பொருந்தாது. வெப்ப நாடுகளின் துண்டுத்துணிப் போர்வைகளைப் பாருங்கள். வங்காளத்தின் காந்தா, பழைய சேலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து ஓட்டுத் தையல் போட்டது. சிந்துப் பகுதியின் ரல்லியும் அப்படித்தான், உள்ளே பழைய துணி. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டியில் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். அதற்கும் தனியாகப் பஞ்சு கிடையாது. துவைத்துத் துவைத்து மெதுவான பருத்தித் துணிதான் இவர்களுடைய நடு அடுக்கு.

கில்ட் என்பது குளிர் நாட்டார் சொத்து, அவர்கள் செய்வதுபோலவே செய்ய வேண்டும் என்ற தயக்கம் அக்காவுக்கு இருந்தது. ஆனால் சோழமண்டலக் கரையில் சாயம் தீட்டிய பருத்தித் துணி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறிப் போய் ஐரோப்பியப் படுக்கைகளுக்கு விரிப்பாகவும் கில்டாகவும் ஆனது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழும் அளவுக்கு அந்த மோகம் இருந்ததால், 1721இல் இங்கிலாந்து அச்சிட்ட பருத்தித் துணியைப் பாவிப்பதற்கே சட்டத் தடை போட்டது. நம் கரையின் துணி இல்லாமல் அவர்களுடைய கில்டின் கதையை எழுத முடியாது. இதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

மகளுக்கு இருந்த கவலை வேறு. "அங்க பனி கொட்டும், சேலைத் துணி காணுமா?" என்று அக்கா வழியாகக் கேள்வி வந்தது. வீட்டுக்குள் வெப்பமூட்டி இருக்கும் நாட்டில் மெல்லிய போர்வையும் பயன்படும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலில் தளர்வான போர்வையே வைக்கக்கூடாது என்பது வட அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. மூச்சடைக்கும் ஆபத்து. அதுவரை இது தரையில் விரித்து, பெரியவர் பார்த்திருக்கக் குழந்தை தவழும் விரிப்பு. மெத்தென்ற பஞ்சைவிட, தட்டையாகக் கிடக்கும் துணியே அதற்கு நல்லது. மகள் ஒத்துக்கொண்டார்.

அக்கா பெட்டகத்தைத் திறந்து தன் பழைய வொயில் சேலைகளை எடுத்தார். இரண்டு மடிப்பு நடு அடுக்கு, கீழே புதிய பருத்தித் துணி. மெசினில் வைத்துப் பார்த்தோம். மேல் துணி தள்ளுப்படவில்லை, பருத்தி பருத்தியைப் பிடித்துக்கொள்ளும். 14ஆம் இலக்க ஊசியே போதுமாக இருந்தது. நடக்கும் பாதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மெசினோடு வந்த பழைய பாதத்திலேயே தைத்தார். இன்னொரு நன்மையும் தெரிந்தது: பொலியெஸ்டர் பஞ்சின் மேல் சூடான மினுக்கியை வைக்க முடியாது, உருகித் தட்டையாகிவிடும். சேலை அடுக்கின் மேல் நன்றாக அழுத்தி மினுக்கலாம். துண்டு இணைக்கும் வேலையில் ஒவ்வொரு தையலுக்கும் பிறகு மினுக்குவது பாதி வேலை.

கால் அங்குலம்

அக்கா தேர்ந்தெடுத்த வடிவம், நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி மெல்லிய பட்டிகள். வெட்டுத்துண்டுக்கு ஏற்ற வடிவம், நீளமான எந்தத் துண்டும் வீணாகாது. ஒரு கட்டம் 12 அங்குலம். நடுச் சதுரம் தைத்த பின் 2 அங்குலம், பட்டி தைத்த பின் 1 அங்குலம், ஐந்து சுற்று. கட்டத்துக்கு 20 பட்டி, 30 கட்டத்துக்கு 600 பட்டி.

உடை தைப்பவர்கள் தையல் ஓரத்தில் ஒரு நூல் கூடக்குறையப் போனால் கவலைப்பட மாட்டார்கள், உடம்பில் அது தெரியாது. இங்கே தெரியும். கட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குள் 10 தையல்கள் வருகின்றன. தையல் ஓரம் கால் அங்குலம். அது ஒவ்வொன்றிலும் பதினாறில் ஒரு அங்குலம் கூடினால், இரு பக்கத் துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு எட்டில் ஒரு அங்குலம் போகும். 10 தையலில் ஒன்றேகால் அங்குலம். 12 அங்குலக் கட்டம் பதினொன்றுக்கும் கீழே போய்விடும்.

பழைய பாதத்தின் வலது ஓரம் ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் இருக்கும் என்று நம்பக்கூடாது. நூல் கோக்காமல், கணக்குக் கொப்பியின் கட்டத் தாளில் தைத்துத் துளைகளை அளந்தார் அக்கா. ஊசித் தகட்டுக்கு வலப்புறம் மெசின் உடலில் திருகுத் துளைகள் இருக்கும். பலர் அது எதற்கு என்றே கேட்டதில்லை. துணியின் ஓரம் முட்டி நேராக ஓட, ஒரு சிறிய உலோக வழிகாட்டியைத் திருகி வைக்கும் இடம் அது. மெசினின் இழுப்பறையில் ஊசிகளோடு ஊசியாக அந்த வழிகாட்டி கிடந்தது. அதைக் கால் அங்குலத்தில் இறுக்கிவிட்டார். அங்குலத்துக்கு 12 தையல் என்று நீளத்தை வைத்தார்.

கட்டங்களாகவே முடிப்பது

எட்டு அங்குல இடைவெளிக்கு விடை, முழுப் போர்வையை மெசினுக்குள் கொண்டுபோகாமல் இருப்பதுதான். அக்கா ஒவ்வொரு கட்டத்துக்கும் அடித்துணியும் சேலை மடிப்பும் வெட்டி, அதன் மேலேயே பட்டிகளை வைத்துத் தைத்தார். ஒரு பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்து, புரட்டி, மினுக்கி, அடுத்தது. ஒவ்வொரு தையலும் எல்லா அடுக்கையும் ஊடுருவிப் போவதால், இணைப்பதும் கில்ட் தையலும் ஒரே வேலையாக முடிந்தன. பின்பக்கம் சதுரத்துக்குள் சதுரமாகத் தையல் கோடுகள் விழுந்தன. பார்க்க அதுவே ஓர் அழகு.

முடிந்த கட்டங்களைச் சேர்க்க, முன்பக்கம் 1 அங்குலப் பட்டி. இரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போக அரை அங்குலம் தெரியும். உள்ளே இரண்டு கட்டங்களின் தையல் ஓரங்களும் சந்தித்து அந்த அரை அங்குலத்தை நிரப்பிவிடும், பள்ளம் தெரியாது. பின்பக்கம் ஒன்றேமுக்கால் அங்குலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, முதல் தையலிலேயே சேர்த்துப் பிடித்து, பிறகு புரட்டிக் கையால் தைத்து மூடினார். பட்டிகளும் சேர்ந்து போர்வை 62க்கு எழுபத்து நாலரை அங்குலத்தில் வந்தது.

துணி தெரிவில் ஒரு விஷயம். வெட்டுத்துண்டுகளில் பருத்தி எது, கலப்பு எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அக்கா ஒவ்வொன்றிலும் ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தார். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாகும். சிவப்புத் துண்டுகளை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் தேய்த்ததில் ஒன்று சாயம் விட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகும் என்று அயலில் சொன்னார்கள். சாயம் ஏற்றிய துணிக்கு உப்பு காப்பல்ல. அந்தச் சிவப்பை ஒதுக்கிவிட்டார்.

தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கிய வேலை கச்சான் வீசும் காலத்தில் முடிந்தது. துவைத்துக் கொடியில் போட்டதும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. பஞ்சு வைத்திருந்தால் மாரியில் அதைக் காயவைப்பதை நினைத்தாலே பயம், பூஞ்சணம் பிடிக்காமல் எடுப்பது பெரும்பாடு. முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கி, மேற்பரப்பு மெல்லிய மடிப்புகளோடு மெதுவானது. ஒரு தையலும் விடவில்லை.

போர்வை கனடா போய்ச் சேர்ந்த பிறகு, உப்புவெளியில் விடுதி நடத்தும் ஒருவர் இரண்டு போர்வை கேட்டிருக்கிறார். வெட்டுத்துண்டு சும்மா கிடைத்தது, சேலை பழையது என்று எண்ணி அக்கா முதலில் சொன்ன விலை மிகக் குறைவு. தைக்கிற மணித்தியாலத்துக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். ஒரு கட்டத்துக்கு அவருக்கு அரை நாள் போகிறது. கணக்கைப் பார்த்த பிறகு விலையைக் கூட்டியதோடு வடிவத்தையும் மாற்றிவிட்டார். நடுச் சதுரம் 3 அங்குலம், பட்டி ஒன்றரை அங்குலம், மூன்றே சுற்று. கட்டம் அதே 12 அங்குலம்தான். ஆனால் 600 பட்டிக்குப் பதில் 360, ஓரத்துக்கு ஓரம் 10 தையலுக்குப் பதில் 6. முதல் நாலு கட்டமும் முடிந்து, மேசையில் அளவுநாடா வைத்துப் பார்த்ததில் நாலும் ஒரே அளவாக இருக்கின்றன.